கணக்கு வாத்தியார் மேயரான கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைப் பற்றி நீங்கள் அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாட்களுக்கு முன் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நம் மாணவர் ஒருவர் இப்போது ஒரு நகராட்சியில் கவுன்சிலர். வரவைவிடச் செலவு கூடுதலாக இருக்கிறது, தெருவிளக்குச் செலவைக் குறைப்பதா, துப்புரவு ஆட்களைக் குறைப்பதா என்று அவர் குழுவில் கேட்டிருந்தார். ஒருவர் "பாதுகாப்பு விஷயத்தில் கை வைத்தால் ஊர் தாங்காது" என்றார். இன்னொருவர் "செலவைக் குறைக்காவிட்டால் ஊரே திவால்" என்றார். நான் நடுவில் புகுந்து, "கணக்குத் தெரிந்த ஆளை நாற்காலியில் உட்கார வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு வரி எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "சார், நான் பி.காம். படிச்சவன். கணக்கு எனக்குத் தெரியும் சார். அது மட்டும் போதலைன்னுதான் கேட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் உறுத்தியது.

நாற்பது ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கணக்கு நன்றாகவே தெரிந்த ஒருவர் உலகத்தின் பெரிய நகரம் ஒன்றின் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே அந்த நகரம் திவாலின் விளிம்புக்குப் போனது. நியூயார்க், 1975.

அவர் பெயர் ஆப்ரஹாம் பீம். 1906இல் பிறந்தவர். ஏழை யூதக் குடும்பம். நியூயார்க்கின் சிட்டி காலேஜில் படித்து 1928இல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் அப்போது கல்விக் கட்டணம் கிடையாது. நகரமே செலவை ஏற்றது. படித்து முடித்ததும் குயின்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆம், நம்மைப் போல வாத்தியார்தான். ஏறத்தாழ 17 ஆண்டுகள் அங்கே பாடம் நடத்தினார். பிறகு நகர நிர்வாகத்தில் பட்ஜெட் துறைக்குப் போய் அதன் இயக்குநரானார். நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி பதவிக்குத் தேர்தலில் நின்று இரண்டு முறை வென்றார். 1973இல் மேயர் தேர்தலில் நின்றபோது, பணத்தைப் பற்றி அறிந்தவர் என்பதே அவருடைய முழக்கம். மக்கள் நம்பி வாக்களித்தார்கள். 1974 ஜனவரி 1 அன்று பதவி ஏற்றார்.

அவர் கைக்கு வந்த கணக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும. நம் ஊரில் போலீசும் தீயணைப்புத் துறையும் மாநில அரசின் கையில். நகராட்சிக்கு அந்தச் சம்பளச் சுமை இல்லை. நியூயார்க்கில் அப்படி இல்லை. போலீஸ், தீயணைப்பு, குப்பை, பள்ளிக்கூடம், பொது மருத்துவமனைகள், கட்டணமில்லாப் பல்கலைக்கழகம் எல்லாம் நகரத்தின் பொறுப்பு. ஏழைகளுக்கான உதவித்தொகையிலும் மருத்துவ உதவியிலும்கூட ஒரு பங்கு நகரத்தின் தலையில். இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள் வெளியேறிக்கொண்டிருந்தன. 1969க்குப் பிறகு எட்டு ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் நகரத்தை விட்டுப் போயின. வசதியுள்ளவர்கள் புறநகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வரி கொடுப்பவர்கள் குறைந்தார்கள், உதவி வேண்டுபவர்கள் கூடினார்கள்.

இந்தப் பள்ளத்தை நகரம் எப்படி மூடியது? கடனால். வரி வரப்போகிறது என்று சொல்லி ஒரு கைமாற்று. மாநில அரசின் உதவி வரப்போகிறது என்று சொல்லி இன்னொரு கைமாற்று. வரவே வராத சொத்து வரி பாக்கியையும் வரவுக் கணக்கில் சேர்த்தார்கள். பாலம், கட்டடம் போன்ற நீண்டகால வேலைகளுக்கென்று இருந்த மூலதனக் கணக்கில் அன்றாடச் செலவுகளை ஏற்றினார்கள். வீடு கட்ட வாங்கிய கடனில் மளிகைக்கடை பாக்கியை அடைப்பது போலத்தான். ஏட்டில் ஒவ்வோர் ஆண்டும் வரவும் செலவும் சமமாக நின்றன. 1975இல் அந்தக் குறுகிய காலக் கடன் மட்டும் ஏறத்தாழ 600 கோடி டாலர்.

இதில் பீமின் பங்கு என்ன? மேயர் ஆவதற்கு முன் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர் அவர்தான். இந்தக் கணக்குகள் அவர் மேசையைத் தாண்டித்தான் போயின. வாக்னர், லிண்ட்சே என்று அவருக்கு முன்னிருந்த மேயர்களும் இதையே செய்தார்கள். கடன் கொடுத்த வங்கிகளும் வட்டி வந்தவரை கேள்வி கேட்கவில்லை. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

1975 வசந்தத்தில் வங்கிகள் விழித்துக்கொண்டன. இனி உங்கள் பத்திரங்களை விற்றுத்தர முடியாது என்றன. கைமாற்று நின்றது. பழைய கைமாற்றை அடைக்கப் புதிய கைமாற்று வேண்டும் என்ற நிலையில் இருந்தவனுக்குக் கடைக்காரன் கதவை மூடினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கும். அதற்குள் செலவைக் குறைக்க வேண்டும். மேயர் வேலைநீக்கப் பட்டியல் தயாரித்தார். அதில் போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்தது. அட்டையில் மண்டையோடு. "பயத்தின் நகரத்துக்கு நல்வரவு" என்ற பொருளில் தலைப்பு. மாலை 6 மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள், நடந்து போகாதீர்கள், பொதுப் போக்குவரத்தைத் தவிருங்கள், தீ விபத்துக்கு எச்சரிக்கையாக இருங்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு அறிவுரைகள். வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? போலீஸ், தீயணைப்புத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு. ஊரைக் காக்க வேண்டியவர்களே ஊருக்கு வராதே என்று எழுதினார்கள். நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சுரிமையைச் சொல்லி நீதிமன்றம் கடைசியில் தடுக்க மறுத்தது. ஆனாலும் ஊர் முழுக்க எதிர்ப்பு. சங்கங்களே அடக்கி வாசிக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 1 வந்தது. சுமார் 5,000 போலீசாருக்கு வேலை போனது. தீயணைப்பு வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், துப்புரவுப் பணியாளர்கள் ஏறத்தாழ 3,000 பேர். வேலை இழந்த போலீசார் புரூக்ளின் பாலத்தில் இறங்கிப் போக்குவரத்தை மறித்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கோடை வெயிலில் தெருவெல்லாம் குப்பை. மூன்றே நாளில் புதிய வரிக்கு மாநில அரசு வழி செய்தது. போலீசாரில் சுமார் 2,000 பேரைத் திரும்ப எடுத்தார்கள்.

யார் வேலை போனது என்பதைக் கவனியுங்கள். கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது விதி. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பெண்களும் கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்களும் போலீசில் கூடுதலாகச் சேரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். யாரும் அவர்களைக் குறிவைத்து வெட்டவில்லை. விதி தானாகவே அவர்களைப் பிடித்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 17 எனக்கு மிகவும் முக்கியமான நாள். ஆசிரியர்கள் எல்லோரும் கவனமாகப் படியுங்கள். அன்று நகரம் அடைக்க வேண்டிய கடன் 45.3 கோடி டாலர். கையில் இருந்தது 3.4 கோடி. நகரம் கடனை அடைக்க இயலாத நிலையில் இருக்கிறது என்று அறிவிக்கும் அறிக்கையை பீம் தயாராக வைத்திருந்தார். நகரத்துக்காகக் கடன் திரட்ட மாநில அரசு ஒரு கழகத்தை அந்த ஜூன் மாதம் அமைத்திருந்தது. அதன் பத்திரங்களை 15 கோடி டாலருக்கு ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி வாங்கினால்தான் அன்றைய நாள் தப்பும்.

ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் முதலில் மறுத்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்திருந்தார்கள். முந்தைய மாதம்தான் வேலைநிறுத்தம் செய்து முடித்திருந்தார்கள். இப்போது முதுமைக்கு வைத்திருக்கும் பணத்தையும் கொண்டு வா என்றால்? இரவெல்லாம் பேச்சு. மறுநாள் பிற்பகல் அவர் சம்மதித்தார். நகரம் தப்பியது.

நான் ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறவன். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலையில் சேர்ந்த என் ஆசிரிய மாணவர்களுக்கு என்னைப் போன்ற ஓய்வூதியம் கிடைக்கவில்லை, பங்களிப்புத் திட்டம்தான் வந்தது. அந்த வேதனை எனக்குத் தெரியும். ஆகவே ஷாங்கரின் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நல்ல வேளை, அங்கே நான் இல்லை. அந்தப் பத்திரங்களுக்கான பணம் பிற்பாடு வட்டியோடு திரும்பி வந்தது. ஆனால் வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் ஜனாதிபதி ஃபோர்டு, நகரத்துக்கு உதவும் எந்தச் சட்டத்தையும் தடுப்பேன் என்று பேசினார். மறுநாள் டெய்லி நியூஸ் பத்திரிகை, நகரத்தைச் சாகச் சொல்லிவிட்டார் ஃபோர்டு என்ற பொருளில் தலைப்புப் போட்டது. அந்தச் சொற்களை அவர் சொல்லவே இல்லை. ஆனால் தலைப்புதான் நிலைத்தது. நவம்பர் இறுதியில் அவரே மனம் மாறினார். ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை, மூன்றாண்டுகளுக்குப் பருவக் கடன். அதை நகரம் வட்டியோடு அடைத்தது. அதற்கு முன்பே நகரத்தின் கணக்கை மேற்பார்வையிட மாநில அரசு அமைத்த கட்டுப்பாட்டு வாரியம் வந்து உட்கார்ந்திருந்தது. சுரங்க ரயில் கட்டணம் 35 சென்டிலிருந்து 50 சென்ட் ஆனது. 1847 முதல் இருந்த கட்டணமில்லாக் கல்லூரிப் படிப்பு 1976இல் முடிவுக்கு வந்தது. இலவசமாகப் படித்து மேலே வந்த பீம் மேயராக இருக்கும்போதே அது நடந்தது.

இனி பாதுகாப்புக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். இதில் இரு தரப்பும் அவரவருக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் சொல்வார்கள். நான் இரண்டையும் சொல்கிறேன்.

போலீஸ் எண்ணிக்கை சுமார் 30,000இலிருந்து குறைந்துகொண்டே வந்து 1980களின் தொடக்கத்தில் 23,000க்கும் கீழே போனது. மண்டையோட்டுப் பிரசுரம் சொன்னது உடனே பலித்ததா? இல்லை. 1975இல் கொலைகள் 1,645. அடுத்த மூன்று ஆண்டுகளில் அது சற்றுக் குறையவே செய்தது. ஆனால் 1979இல் ஏறியது. 1990இல் 2,245. அதன் பிறகு மேயர் டிங்கின்ஸ் காலத்தில், 1991இல், தனி வரி போட்டுப் போலீசைப் பெருக்கினார்கள். 2017இல் கொலைகள் 300க்கும் கீழே. போலீஸ் கூடியதால்தான் குறைந்தது என்று சொல்வார்கள். போலீசை அப்படிக் கூட்டாத வேறு பல அமெரிக்க நகரங்களிலும் அதே காலத்தில் குற்றம் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீயணைப்பு நிலையங்களின் கதை வேறு. 1970களின் தொடக்கத்திலேயே, வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று கணினியில் கணக்குப் போட்டு, ஏழைகள் வாழும் பகுதிகளிலும் நிலையங்களை மூடத் தொடங்கினார்கள். தென் பிராங்ஸ் எரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக வீட்டுக்காரர்களே வைத்த தீ உண்டு. அந்தப் பகுதிகளுக்கு வங்கிகள் கடன் கொடுக்க மறுத்ததும் உண்டு. ஆனால் எரிகிற இடத்தில் வண்டியைக் குறைத்ததும் உண்டு. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்ஸில் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் இழந்தன. மிச்சம் பிடித்த பணம் எவ்வளவோ, இழந்தது அதைவிடப் பல மடங்கு.

புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் நார்த்சைடு என்ற தொழிலாளர் குடியிருப்பு. போலந்து வம்சாவளி மக்கள் அதிகம். 1975 நவம்பரில் அவர்களுடைய 212ஆம் எண் தீயணைப்பு நிலையத்தை மூட உத்தரவு வந்தது. ஊர் மக்கள் திரண்டு போய் நிலையத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டியை வெளியே கொண்டுபோக விடவில்லை. குடும்பம் குடும்பமாக முறை வைத்து அங்கேயே படுத்து எழுந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை; ஏறத்தாழ 16 மாதம். கடைசியில் நகரம் இறங்கி வந்தது, நிலையம் மீண்டும் திறந்தது. மக்களின் தீயணைப்பு நிலையம் என்றே அதற்குப் பெயர் வந்தது. 2003இல் இன்னொரு பட்ஜெட் நெருக்கடியில் அதை மூடியே விட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குயின்ஸில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு அடிக்கடி போவேன். அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் 1977 ஜூலை 4. அதற்கு ஒன்பதாம் நாள், ஜூலை 13 இரவு, நகரம் முழுக்க மின்சாரம் போனது. ஒரே இரவில் 1,600க்கும் மேற்பட்ட கடைகள் சேதம், 1,000க்கும் மேற்பட்ட தீ விபத்துகள், 3,700க்கும் மேற்பட்ட கைதுகள். கோயில் சிற்றுண்டிச் சாலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே நம்மவர் ஒருவர், அப்போதே அங்கே குடியேறியவர், அந்த இரவைப் பற்றிச் சொன்னார். "திருடன் வருவான்னு பயப்படல. கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்கன்னுதான் பயம்" என்றார். எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு, பொதுப் பாதுகாப்பு என்றால் என்ன என்பது அன்றுதான் சரியாகப் புரிந்தது.

அந்த ஆண்டே கட்சிக்குள் நடந்த தேர்தலில் பீம் தோற்றார். அடுத்த மேயர் காட்ச் காலத்தில், 1981 நிதியாண்டில், முறையான கணக்கு விதிப்படி பட்ஜெட் உண்மையாகவே சமமானது.

சரி, கவுன்சிலர் தம்பிக்கு வருகிறேன். நான் எழுதிய அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பீமுக்குக் கணக்குத் தெரியும். கணக்கு தெரிந்ததால்தான் அதை மறைக்கும் வழியும் தெரிந்தது. அவரிடம் இல்லாமல் போனது, பற்றாக்குறை சிறியதாக இருந்தபோதே அதை ஊர் முன்னால் எழுந்து நின்று சொல்லும் துணிச்சல். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்தால் மட்டும் போதாது, அளந்ததை வெளியே சொல்ல வேண்டும்.

ஆகவே உங்கள் நகராட்சியில் பாக்கி எவ்வளவு, வராத வரி எவ்வளவு, அதில் வரவே வராதது எவ்வளவு என்று முதலில் கூட்டத்தில் வாசியுங்கள். அடுத்து, எதை உடனே வெட்ட முடியுமோ அதை வெட்டாதீர்கள். தெருவிளக்கை இன்று மாலையே அணைக்கலாம், துப்புரவுப் பணியாளரை நாளைக்கே நிறுத்தலாம். எளிதாக இருப்பதால் அது சரியாகிவிடாது. எந்தத் தெரு இருட்டாகும், அங்கே யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து இரவு வேலை முடிந்து வரும் பெண்களைக் கேளுங்கள். பயமுறுத்துகிறவர்களையும் நம்பாதீர்கள், ஒன்றும் ஆகாது என்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

நேற்று அவரை அழைத்து இதையெல்லாம் சொன்னேன். "சார், நான் அதை வாசிச்சா அடுத்த தேர்தல்ல ஜெயிக்க மாட்டேன் சார்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "வாசி தம்பி, நான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்" என்றேன். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

தகவலில் பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாறு சார்